கேலரிப் படிக்கட்டும் பிங்கோ மேசையும்: ஒரு கடற்கரை அரங்கின் மீட்பு குறித்து

பழைய கட்டிடம் ஒன்றை 'மீட்டுவிட்டோம்' என்று யாராவது அறிவித்தால் எனக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. எந்த ஆண்டுக்கு மீட்டீர்கள்? யாரிடமிருந்து மீட்டீர்கள்? கட்டிடம் என்பது ஒரே நாளில் பிறந்து அப்படியே உறைந்து நிற்கிற பொருள் அல்ல. கட்டுகிறவர் ஒரு கணக்கில் கட்டுகிறார். வாங்குகிறவர் சுவரை இடித்துக் கதவு வைக்கிறார். வாடகைக்கு வந்தவர் ஆணி அடிக்கிறார். வந்துபோகிறவர்கள் வெற்றிலை துப்புகிறார்கள், பெயர் செதுக்குகிறார்கள், உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சைத் தேய்க்கிறார்கள். இத்தனை நாட்களில் ஏதோ ஒரு நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு 'இதுதான் அசல்' என்று சொல்லி, மற்ற நாட்களையெல்லாம் அழுக்கு என்று சுரண்டியெடுப்பதற்குத்தான் பெரும்பாலும் புனரமைப்பு என்று பெயர். நம் ஊரில் ஜீர்ணோத்தாரணம் என்பார்கள். மணலைப் பீய்ச்சியடித்துக் கோயில் கல்லைச் 'சுத்தம்' செய்தபோது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் மழுங்கிப் போனது நமக்குத் தெரிந்த சங்கதிதான்.

கொஞ்ச நாளாக இந்தச் சந்தேகத்தோடு நான் படித்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கிற பிளாக்பூல் ஊரின் கிராண்ட் தியேட்டரைப் பற்றி. 'வெள்ளைக்காரன் ஊர்க் கொட்டகையைப் பத்தி நமக்கென்னய்யா?' என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. அந்தக் கொட்டகைக்கு டிக்கெட் வாங்கிய காசில் நம் ஊர்க் காசும் கலந்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தாமஸ் செர்ஜென்சன் என்கிற நாடக முதலாளி நாட்டிலேயே அழகான அரங்கு தனக்கு வேண்டும் என்று ஃபிராங்க் மாட்சம் என்கிற கட்டிடக் கலைஞரிடம் கேட்டார். ஒரு வருடத்துக்குள் வேலை முடிந்தது. செலவு 20,000 பவுண்டு. 1894 மே மாதம் அந்த ஊரின் இரும்புக் கோபுரம், 158 மீட்டர் உயரம், திறக்கப்பட்டிருந்தது. ஜூலை 23 அன்று கிராண்ட் திறந்தது. முதல் நாடகம் வில்சன் பாரெட் குழுவின் ஹாம்லெட். ஆலைத் தொழிலாளர் குளிக்க வருகிற கடற்கரையில் ஏன் ஹாம்லெட்? முதலாளிக்குப் பணத்தோடு கௌரவமும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதே பத்தாண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய வக்கீல் நண்பர்களும் சுகுண விலாச சபையில் மேடை ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலியாருடைய கையில் பின்னால் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். லங்காஷயர் முதலாளிக்கும் சென்னை வக்கீலுக்கும் ஷேக்ஸ்பியர் ஒரே வேலையைத்தான் செய்து கொடுத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. கூத்திலிருந்து தூர நிற்க உதவினார்.

மாட்சம் பெரிய கெட்டிக்காரர். மாடங்களைத் தாங்க வரிசையாகத் தூண் நிறுத்துவதுதான் அதுவரை வழக்கம். தூணுக்குப் பின்னால் சீட்டு கிடைத்தவன் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். சுவருக்குள் ஊன்றிய எஃகு உத்தரங்களை வெளியே நீட்டி அதன்மேல் மாடத்தை உட்காரவைக்கும் முறையை மாட்சம் முதன்முதலில் பயன்படுத்தியது இந்த அரங்கில்தான். தூண்கள் குறைந்தன. உச்சிக் கேலரியில் உட்கார்ந்திருந்தவனுக்கும் மேடை தெரிந்தது. இதைக் கட்டிடக் கலையின் சாதனை என்று எழுதுகிறார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேலரிக்குப் போகிற வழி? டிரஸ் சர்க்கிள்காரர்களுக்குக் கண்ணாடி, கம்பளம், பளிங்கு வைத்த முன்வாசல். கேலரிக்காரர்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் தனி வாசல், தனி டிக்கெட் ஜன்னல், வெறும் கல் படிக்கட்டு. அந்தக் காலத்து ஆங்கில அரங்குகளின் பொது விதி இது. ஒரே கூரைக்குக் கீழே ஒரே நாடகத்தைப் பார்த்துவிட்டு, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமலே இரண்டு வர்க்கங்கள் வீடு திரும்பலாம். பார்வையில் சமத்துவம், படிக்கட்டில் தீட்டு. தீட்டு என்ற சொல்லை உவமையாகத்தான் சொல்கிறேன். வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்து மண்ணைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு, பெஞ்சுக்கும் சேருக்கும் நடுவில் கட்டியிருந்த அந்தத் தடுப்பு ஞாபகம் வராமல் போகாது.

தனிப் படிக்கட்டு வைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 1887 செப்டம்பரில் எக்ஸிடர் ஊரின் தியேட்டர் ராயலில் தீப்பிடித்து 186 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் கேலரியில் இருந்தவர்கள். மேலே இருந்து இறங்கப் போதுமான வழி இல்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு தட்டுக்கும் வெளியேறத் தனித்தனி வழிகள் வேண்டும், மேடைக்கும் அவைக்கும் நடுவே தீத்தடுப்புத் திரை வேண்டும் என்றெல்லாம் கெடுபிடி வந்தது. ஆக, அந்தக் கல் படிக்கட்டு வர்க்கப் பிரிவினையின் சின்னம், ஏழைகள் எரிந்து செத்ததற்குப் பிறகு கிடைத்த பாதுகாப்பு, இரண்டும்தான். ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று பிடிவாதம் பிடித்தால் கட்டிடத்தை வாசிக்க முடியாது. புனரமைப்புக்காரர்களின் கண் பெரும்பாலும் தங்க முலாம் பூசிய சுதைவேலை, கூரை ஓவியம், மேடைத் திரை இவற்றின்மேல்தான் நிற்கிறது. கேலரிப் படிக்கட்டுக்கு முலாம் கிடையாது, ஆகவே வரலாறும் கிடையாது.

சரி, கேலரியில் உட்கார்ந்தவர்கள் யார்? லங்காஷயரின் ஒவ்வொரு ஆலை நகருக்கும் வருடத்தில் ஒரு விடுமுறை வாரம் உண்டு. 'வேக்ஸ்' என்று பெயர். ஆதியில் அந்தந்த ஊர் மாதாகோயில் திருநாள், நம் ஊர்க் கொடை மாதிரி. தொழிற்புரட்சிக்குப் பிறகு ஆலைகள் மொத்தமாகக் கதவடைத்துக் கொதிகலன் பழுதுபார்க்கிற வாரமாக அது மாறியது. ஓல்டம் ஒரு வாரம், போல்டன் இன்னொரு வாரம் என்று முறை. ஊரே ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்விடும். பிளாக்பூலுக்கு 1846-ல் ரயில் வந்திருந்தது. இது சம்பளத்தோடு கிடைத்த விடுமுறை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கான சட்டம் 1938-ல்தான் வந்தது. அதுவரைக்கும் வாரா வாரம் சீட்டுக் கட்டுவதுபோலச் சில்லறை சேர்த்து, அந்தச் சேமிப்பை ஒரே வாரத்தில் கரைத்துவிட்டு வருவார்கள். தங்கும் விடுதி நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தங்குகிறவர்கள் கறியும் காயும் வாங்கிக் கொடுத்தால் விடுதிக்காரம்மா சமைத்துத் தருவார். ஜான் வால்டன் என்கிற வரலாற்றாசிரியர் இந்தப் பெண்களைப் பற்றி மட்டுமே 1978-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அரங்குகளின் வரலாற்றை எழுதுகிற எவரும் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் படித்தவர்களும் போனார்கள். 1937-ல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' இயக்கத்தார் போல்டன் தொழிலாளர்களின் வாழ்க்கையைக் குறிப்பெடுத்து, அவர்கள் பின்னாலேயே பிளாக்பூலுக்கும் ரயிலேறினார்கள். தங்கள் சொந்த மக்களையே மானிடவியல் கண்ணோடு பார்த்தார்கள். இரவில் மணலில் ஜோடிகள் என்ன செய்கிறார்கள் என்றுகூட ஒளிந்திருந்து எண்ணினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லையாம்! பாவம், ஏமாந்து போனார்கள். அறிவுஜீவிகள் அடித்தள மக்களின் உல்லாசத்தைப் பார்க்கிறபோது பயமும் பொறாமையும் சேர்ந்தே வருகின்றன என்பதற்கு இது நல்ல சாட்சி. பின்னால் 1980-களில் டோனி பென்னட் இதே ஊரின் கேளிக்கைப் பூங்காவை பக்தினுடைய திருவிழாக் கோட்பாட்டை வைத்து வாசித்தார். தலைகீழாக்கம், உடலின் கொண்டாட்டம் எல்லாம் அங்கே நவீனத்தின், முன்னேற்றத்தின் மொழியில் கட்டி அடக்கப்பட்டுவிட்டன என்பது அவர் வாதத்தின் சாரம். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது நம் சம்பந்தத்துக்கு வருகிறேன். 1913-ல் லங்காஷயரிலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணி ஏறக்குறைய 700 கோடி கெஜம். அதில் 300 கோடி கெஜத்துக்கு மேல் இந்தியாவுக்கு வந்தது. அதாவது ஓல்டம் நூற்பாலையிலோ பிளாக்பர்ன் தறியிலோ நின்று வேலை செய்த ஒரு பெண் கிராண்ட் தியேட்டர் கேலரிக்கு நீட்டிய சில்லறையில் ஒரு பகுதி, சீமைத் துணியையும் சீமை நூலையும் வாங்கிய நம் பாட்டன் பாட்டிகளின் காசு. நெசவாளர் எல்லோரும் அழிந்தே போனார்கள் என்று எளிமைப்படுத்தத் தேவையில்லை. சீமை நூலை வாங்கியே நெய்து தாக்குப்பிடித்தவர்கள் சேலத்திலும் காஞ்சியிலும் உண்டு. ஆனால் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் முதலில் சாய்ந்தவர்களில் தறிக்காரர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இந்த உறவை அந்த ஊர்த் தொழிலாளி அறிந்திருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வன் ஊருக்குப் போனபோது, அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை போனவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தோஷமாக ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காந்தியை ஒரு மகானாக்கிப் பார்ப்பதற்குத்தான் அது பயன்படுகிறது. எனக்கு அதில் தெரிவது சிரிக்கிற அந்தப் பெண்கள். அவர்கள் வழக்கமாகக் கடற்கரைக்குப் போகிறவர்கள். அந்த வருடம் போயிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அதற்காகக் கேலரிக் கூட்டத்தைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. நம் நண்பர்களில் சிலருக்கு விளிம்பு என்றாலே விடுதலை. பேரரசு வெறிக்கு ஆங்கிலத்தில் புழங்குகிற 'ஜிங்கோ' என்ற சொல்லே 1878-ல் மியூசிக் ஹால் பாட்டொன்றிலிருந்து வந்ததுதான். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்கிற ஆட்டம் கடற்கரை ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சக்கைப்போடு போட்டது. பிபிசி தொலைக்காட்சி அதே ஆட்டத்தை 1958 முதல் 1978 வரைக்கும் கூச்சமில்லாமல் காட்டியது. அதே கேலரிதான் ஃபிராங்க் ராண்டில் போன்ற கோமாளிகளையும் தலையில் வைத்து ஆடியது. குடிகாரக் கிழவனாக மேடையேறி, பொய்ப்பல்லைக் கழற்றி வீசி, மேலிடத்து ஒழுக்கத்தையெல்லாம் நாறடித்த லங்காஷயர் நகைச்சுவை நடிகர் அவர். அப்போதெல்லாம் நாடகப் பிரதியை அரண்மனை அதிகாரியிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தணிக்கை 1968-ல்தான் ஒழிந்தது. ராண்டிலுக்கு 1952-ல் பிளாக்பூலில் அபராதம் போட்டார்கள். ஆக, கேலரிக்கு இரண்டு முகம். மீட்பின் கதையாடலில் இரண்டுமே இல்லை. கரி பூசிய முகமும் இல்லை, பொய்ப்பல்லும் இல்லை.

அரங்கின் வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. 1909-லேயே செர்ஜென்சன் அதைக் கோபுரக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அந்தக் கம்பெனி 1928-ல் ஊரின் இன்னொரு பெரிய கேளிக்கை மையமான விண்டர் கார்டன்ஸையும் சேர்த்துக்கொண்டது. ஊரின் உல்லாசம் ஏறக்குறைய ஏகபோகமானது. 1960-களின் இறுதியில் கம்பெனி ஈஎம்ஐ கைக்குப் போனது. ஈஎம்ஐ யாரென்று நமக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாய் படம் போட்ட இசைத்தட்டுக்காரர்கள். நம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் நாடகப் பாட்டுப் பாடிய அதே நாய்தான். அதற்குள் ஆலைகள் மூடத் தொடங்கியிருந்தன. 1958-லேயே பருத்தித் துணியைப் பொறுத்தவரை பிரிட்டன் ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம் செய்கிற நாடாகிவிட்டது. தொலைக்காட்சி வந்தது. ஸ்பெயினுக்கு மலிவு விமானமும் வந்தது. தாக்குப்பிடித்த ஆலைகளின் இரவு ஷிப்டில் நின்றவர்கள் பாகிஸ்தானிகளும் குஜராத்திகளும். 1965-ல் பக்கத்து ஊரான பிரஸ்டனில் கோர்டால்ட்ஸ் செயற்கை இழை ஆலையில் ஆசிய, கரீபியத் தொழிலாளர்கள் தனியாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்கு வேக்ஸ் வாரம் என்னவாக இருந்தது? கிராண்டின் எந்த வரலாற்றிலும் இந்தக் கேள்வி கிடையாது.

1972-ல் அரங்கை இடிக்க அனுமதி கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டில் அது பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் இரண்டாம் நிலைச் சிறப்புத் தகுதியோடு ஏறியது. 'கிராண்டின் நண்பர்கள்' என்று குழு அமைத்துக் கையெழுத்து, மனு, விசாரணை என்று அலைந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். இவர்களை மத்தியதர வர்க்கத்துப் பழமைவாதிகள் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட நமக்கு ஆசை வரும். சும்மா சொல்லக் கூடாது, புல்டோசருக்கு முன்னால் போய் நின்றவர்கள் அவர்கள்தான். மாட்சமின் அரங்குகள் பல அந்த இரண்டு பத்தாண்டுகளில் மண்ணோடு மண்ணாயின. இது தப்பித்தது.

எப்படித் தப்பித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஈஎம்ஐயோடு ஒரு உடன்பாடு: கம்பெனி சேதங்களைப் பழுது பார்க்கும், மூன்று வருடம் பிங்கோ கூடமாக நடத்திக்கொள்ளும், அதற்குப் பின் அரங்காக்குவது பற்றிப் பேசலாம். 1975-ல் பிங்கோ தொடங்கியது. 1977-ல் நண்பர்கள் குழு ஊராட்சியின் ஆதரவோடு விலைபேசத் தொடங்கியது. 1980-ல் அறக்கட்டளை வாங்கியது. 1981 மார்ச் 23 அன்று மறுபடி திரை விலகியது.

நான் படித்த வரலாறுகளில் இந்தப் பிங்கோ காலத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. அதுவும் ஒரு அவமானத்தைச் சொல்கிற தொனியில். ராஜகுமாரி சில காலம் பாத்திரம் தேய்த்தாள் என்று கதையில் வருமே, அந்த மாதிரி. பிங்கோ என்றால் நம் தம்போலாதான். ஒருவர் எண்ணைக் கூவுவார், நீங்கள் சீட்டில் அடித்துக்கொண்டே வர வேண்டும். 1960-ன் சூதாட்டச் சட்டம் அதை வியாபாரமாக நடத்த வழிவிட்டதும் காலியாகிக்கொண்டிருந்த சினிமாக் கொட்டகைகளும் நாடக அரங்குகளும் நாடு முழுக்கப் பிங்கோவுக்கு மாறின. வந்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் வர்க்கத்துப் பெண்கள், அதிலும் வயதானவர்கள். மதுக்கடை ஆண்களுடையது. கிளப் ஆண்களுடையது. கால்பந்து மைதானம் ஆண்களுடையது. தனியாகப் போய், தேநீர் குடித்து, பக்கத்திலிருப்பவளோடு பேசி, பத்திரமாக வீடு திரும்ப ஒரு பெண்ணுக்கு ஊரில் கிடைத்த இடம் பிங்கோ கூடம். முதலாளிக்கு லாபம், அரசுக்கு வரி, பெண்களுக்குப் பெரும்பாலும் நட்டம். இதை விடுதலை என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் கிராண்டின் நூற்று முப்பது வருட வாழ்க்கையில் டிரஸ் சர்க்கிள் என்றும் கேலரி என்றும் பாராமல், ஒரே கூட்டம், ஒரே மாதிரிச் சீட்டோடு உட்கார்ந்த வருடங்கள் எவை என்று கேட்டால் எனக்குத் தோன்றுகிற பதில் அந்தப் பிங்கோ வருடங்கள்தான். கூரை ஒழுகாமல் நின்றதும் அந்தப் பெண்கள் கட்டிய சீட்டுக் காசில்தான். ஷேக்ஸ்பியரைக் காப்பாற்றியது பிங்கோ. இதைச் சொல்ல ஏன் இத்தனை கூச்சம்?

யாரிடமிருந்து மீட்டீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான். மீட்பு என்ற சொல்லுக்கு எதிராளி ஒருவர் வேண்டும். முதலில் அது இடிக்க வந்த கம்பெனி. கம்பெனியோடு கை குலுக்கிய பிறகு, கதைக்குத் தேவையான எதிராளியின் இடத்தில் மெல்ல மெல்லப் பிங்கோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. திட்டமிட்ட சதி என்று சொல்லவில்லை. ரசனையின் மேலாண்மை இப்படித்தான் வேலை செய்யும். கிராம்ஷியைப் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

திறப்பு விழாவுக்கு ஓல்ட் விக் குழுவின் வெனிஸ் வணிகன். திமோதி வெஸ்டும் பிரூனெல்லா ஸ்கேல்ஸும் நடித்தார்கள். மே மாதம் இளவரசர் சார்லஸ் வந்து அரச பல்சுவை நிகழ்ச்சி பார்த்தார். அந்த ஏப்ரலில் பிரிக்ஸ்டன் எரிந்தது. ஜூலையில் டாக்ஸ்டெத் எரிந்தது. அக்டோபரில் அதே பிளாக்பூலில் கன்சர்வேடிவ் கட்சி மாநாடு கூடியது. 30-களில் வேலையில்லாமலிருந்த தன் தகப்பனார் கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனார் என்று அமைச்சர் நார்மன் டெபிட் பேசியது அந்த மாநாட்டில்தான். உற்பத்தி போன இடத்தில் பாரம்பரியம் வந்து உட்காருகிறது என்பதை ராபர்ட் ஹ்யூவிசன் 1987-ல் 'பாரம்பரியத் தொழில்' என்று பெயரிட்டே விமர்சித்தார். பேட்ரிக் ரைட் அதற்கு இரண்டு வருடம் முன்பே பழைய நாடொன்றில் வாழ்வது பற்றி எழுதிவிட்டார். துணி நெய்ய முடியாத நாடு கடந்தகாலத்தை நெய்து விற்கிறது. அந்த விமர்சனம் இன்றும் செல்லும்.

ஆனாலும் எனக்கு ரஃபேல் சாமுவேல் சொல்வதுதான் நெருக்கமாகப் படுகிறது. 1994-ல் வந்த 'நினைவின் அரங்குகள்' நூலில் அவர் ஹ்யூவிசன் போன்றவர்களோடு நேரடியாக மோதினார். சாமுவேல் மார்க்சியர், தொழிலாளர் வரலாற்றுப் பட்டறைகள் நடத்தியவர். பாரம்பரியத்தைத் திட்டுகிற இடதுசாரிகளுக்குள் ஒரு மேட்டுக்குடி முகச்சுளிப்பு ஒளிந்திருக்கிறது, சாதாரண சனங்கள் பழசைச் சேகரிப்பதும் பாதுகாப்பதும் அடிமட்டத்து வரலாற்றெழுத்துதான் என்பது அவர் வாதம். கிராண்டின் நண்பர்களுக்கு இதில் பங்கு உண்டு. நான் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான்: அந்த அடிமட்டத்துக்குள்ளும் ஒரு அடிமட்டம் இருக்கிறது. கையெழுத்து இயக்கம் நடத்தியவளுக்கு ஆவணம் இருக்கிறது. சீட்டில் எண் அடித்தவளுக்கு இல்லை.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 1849-லேயே ரஸ்கின், புனரமைப்பு என்பது பொய், ஒரு கட்டிடத்துக்கு நேரக்கூடிய முழு அழிவே அதுதான் என்று வாதிட்டார். 1877-ல் வில்லியம் மாரிஸும் கூட்டாளிகளும் சங்கம் அமைத்து, தேவாலயச் சுவர்களைச் சுரண்டி 'அசலுக்கு' மீட்கிறவர்களை எதிர்த்தார்கள். சுரண்டாதே, ஒட்டுப்போட்டுப் பாதுகாத்து வை, எல்லாக் காலத்தின் தடயமும் இருக்கட்டும் என்பது அவர்கள் நிலைபாடு. மாரிஸ் சோஷலிஸ்டாக மாறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. சுவரைச் சுரண்டக் கூடாது என்று சொன்னவர், மனிதர்களைச் சுரண்டக் கூடாது என்று சொல்லவும் வந்து சேர்ந்தார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாரிஸின் நியாயத்தை அரங்கில் அப்படியே கடைப்பிடிக்க முடியாது என்பதும் உண்மை. மாதாகோயில் சுவரை விரிசலோடு விட்டுவைக்கலாம். ஆயிரம் பேர் உட்காருகிற மாடத்தை அப்படி விட முடியுமா? மின்கம்பி மாற்ற வேண்டும். தீத்தடுப்பு வேண்டும். சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும். ஷோ நடந்தால்தான் கூரைக்குக் காசு. இப்படி ஒவ்வொரு நியாயமான தேவையும் ஒரு தடயத்தை அழித்துக்கொண்டுதான் வரும். எது போகலாம், எது இருக்கணும்னு யார் உட்கார்ந்து முடிவு பண்றாங்க என்பதுதான் கேள்வி. அறங்காவலர் குழுவில் கட்டிட நிபுணர் இருப்பார், கணக்காளர் இருப்பார், ஊராட்சி உறுப்பினர் இருப்பார். விடுதிக்காரம்மா இருக்க மாட்டார்.

இதே கரையில் வடக்கே மோர்கம் என்று ஒரு ஊர். அங்கேயும் ஒரு விண்டர் கார்டன்ஸ். அதன் அரங்கு 1897-ல் விக்டோரியா பெவிலியன் என்ற பெயரில் திறந்தது. 1977-ல் மூடினார்கள். ஒட்டியிருந்த நடனக்கூடத்தை 1982-ல் இடித்தே விட்டார்கள். 1986-ல் நண்பர்கள் குழு, 2006-ல் அறக்கட்டளை வாங்கியது. பணம் கிடைக்கிறபோது வேலை, கிடைக்காதபோது நிறுத்தம் என்று தவணை முறையில் பழுது பார்க்கிறார்கள். உரிந்த வண்ணமும் உடைந்த சுதையுமாக இருந்த நிலையிலேயே தொண்டர்கள் கதவைத் திறந்து ஊருக்குக் காட்டினார்கள், நிகழ்ச்சிகளும் நடத்தினார்கள். ஏழ்மையால் வந்த நிலைமை அது, கொள்கையால் அல்ல. ஆனாலும் மாரிஸுக்கு எந்த அரங்கு பிடித்திருக்கும் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமில்லை.

கிராண்ட் இப்போது நன்றாகவே நடக்கிறது. 2006-ல் 'பல்சுவைக்கான தேசிய அரங்கு' என்று பட்டமும் சூட்டிக்கொண்டது. ஹாம்லெட்டில் தொடங்கி, வெனிஸ் வணிகனில் மீண்டு, கடைசியில் கோமாளியையும் கழைக்கூத்தையும் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது ஒரு நல்ல முரண். வாசலுக்கு வெளியே ஊர்? 2019-ன் அரசு வறுமைக் குறியீட்டில் இங்கிலாந்தின் உள்ளாட்சிப் பகுதிகளிலேயே மிகவும் நலிந்தது பிளாக்பூல். நாட்டின் மிக நலிந்த பத்துக் குடியிருப்புப் பகுதிகளில் எட்டு அந்த ஒரே ஊரில். பழைய விடுதிகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, வேறு எங்கும் வாடகை கொடுக்க முடியாதவர்கள் வந்து தங்குகிற இடமாகிவிட்டன. அரங்கு மீண்டது. அரங்கை உண்டாக்கிய ஊர் மீளவில்லை. இதற்கு அரங்கு பொறுப்பில்லைதான். ஆனால் கட்டிடம் மீண்டதையே ஊர் மீண்டதாகக் காட்டுகிற சொல்லாடல் ஒன்று இருக்கிறது. அதற்கு எல்லோரும் பொறுப்பு.

1975-ல் முப்பது வயதில் அங்கே பிங்கோ ஆடப் போன பெண்ணுக்கு இப்போது எண்பது வயது. யாராவது ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார வேண்டும், சீக்கிரம். எண் கூவுகிறவர் எங்கே நின்றார், தேநீர் என்ன விலை, முன்வாசல் வழியாகத்தான் விட்டார்களா, கேலரி திறந்திருந்ததா, முலாம் பூசிய கூரையை யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா, அம்மாவோ பாட்டியோ அதே கூடத்தில் மேலே பெஞ்சில் உட்கார்ந்த கதையைச் சொல்லியிருந்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். 1981-ல் மறுபடி திறந்தபோது டிக்கெட் வாங்கிப் போனீர்களா என்றும்.